சித்திர சபையும் இன்சுலினும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் துணி காயாது. ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி வரை வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஈர வாடையோடு வாழப் பழகியவர்கள் நாங்கள். அந்த ஆண்டுச் சாரலில் என் மகள் இரவில் நான்கைந்து முறை எழுந்து தண்ணீர் குடித்ததையும், அத்தனை முறை கழிப்பறைக்குப் போனதையும் குளிர்காற்றின் கணக்கில் எழுதிவிட்டேன். பள்ளிச் சீருடை தொளதொளத்தபோது, பிள்ளை உயரம் போடுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நாள் காலை அவள் மூச்சில் பழுத்த பழத்தின் வாடை அடித்தது. "ராத்திரி யாருக்கும் தெரியாம பலாச்சுளை தின்னியாட்டி?" என்று என் மாமியார் கேட்டார். இல்லையென்று தலையசைக்கவும் திராணியின்றிப் படுத்துக் கிடந்தாள் அவள்.

அன்று மாலை திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோம். இரத்தத்தில் சர்க்கரை 486. முதல் வகை நீரிழிவு என்றார்கள். இன்சுலின் இல்லாத உடல், சர்க்கரையைப் பயன்படுத்த வழியின்றிக் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்களின் வாடைதான் அந்தப் பழவாடை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பதின்மூன்று. நாளொன்றுக்கு நான்கு ஊசிகள்.

மருத்துவர் நல்லவர். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, "இன்சுலின்னா ஒரு சாவி பாப்பா. அது செல்லோட கதவைத் திறந்துவிடும். சர்க்கரை உள்ளே போகும். உனக்குச் சாவி இல்லை, அதனால வெளியிலிருந்து கொடுக்கிறோம்" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். என் மகள் கேட்டாள்: "சாவி செய்றவங்க எங்க போயிட்டாங்க?" அவர் சற்றுத் தயங்கினார். "உன் உடம்புல இருக்கிற சிப்பாய்களே தப்பா நினைச்சு அவங்களை அழிச்சிட்டாங்க" என்றார்.

மருத்துவ நோக்கில் அதில் பிழை ஏதுமில்லை. கணையத்தில் தீவுத் தீவாகக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. நோய் எதிர்ப்புக்கென்று உள்ள வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்கள் அந்தப் பீட்டா செல்களை அழித்துவிடுகின்றன. அது ஏன் தொடங்குகிறது என்பதை மருத்துவம் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. இனிப்புத் தின்றதனால் வருவதல்ல. இதை என் மாமியாருக்கு விளங்கவைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. மகளுக்கு விளங்கவைக்க அதைவிட நாளாயிற்று. அவள் கேட்ட கேள்வி வேறு.

வீடு திரும்பிய சில நாட்களில், எங்கள் கல்லூரி விலங்கியல் துறைத் தோழி ஒருவர், "வார்த்தையில் சொல்லாதீர்கள், காட்டுங்கள்" என்று சில அசைவூட்டப் படங்களின் சுட்டிகளை அனுப்பினார். முதலில் பார்த்தது, ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காக எக்ஸ்விவோ என்ற நிறுவனத்தைக் கொண்டு 2006-இல் ஆக்கிய 'செல்லின் அக வாழ்வு' என்னும் படம். இரத்தக் குழாயின் சுவரில் ஒரு வெள்ளணு உருண்டு வருகிறது. நாம் அதன் தோலுக்குள் நுழைகிறோம். அங்கே இழைகள் முளைத்து வளர்கின்றன, குழல்கள் கூடிக் கட்டப்படுகின்றன, பின் சடசடவென்று உதிர்கின்றன. ஒரு குழலின்மேல் இரண்டு கால்களுடைய புரதம் ஒன்று, தன்னைப்போல் பன்மடங்கு பெரிய கோளத்தைத் தலையில் தாங்கி, எட்டு வைத்து நடந்து போகிறது. கினேசின் என்பது அதன் பெயர். கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கிப் போகிறவரின் நடை. அந்த நடையை நானும் மகளும் பத்துத் தடவையாவது திருப்பித் திருப்பிப் பார்த்திருப்போம். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவள் சிரித்தது அன்றுதான்.

அடுத்தது, மெல்பர்னிலுள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தாரின் படம். ட்ரூ பெர்ரி முதலியோர் பல ஆண்டுகளாக இத்தகைய படங்களை ஆக்கிவரும் இடம் அது. இரத்த ஓட்டத்தில் இன்சுலின் மிதந்து வந்து, செல்லின் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி அசைகிறது. அந்த அசைவு சுவருக்குள் கடந்து, ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுச் செய்தியாகிறது. உள்ளே சிறு பைகளில் காத்திருந்த சர்க்கரை வாயில்கள் மேலெழுந்து வந்து சுவரில் பதிகின்றன. ஆக, சாவி கதவைத் திறப்பதில்லை. சாவி மணியடிக்கிறது, மணியோசை கேட்டுக் கதவே எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தப்படுகிறது! மருத்துவர் சொன்ன உவமையைவிட உண்மை எவ்வளவோ சுவையாக இருந்தது.

மூன்றாவதாக அவளாகவே தேடிக் கண்டுபிடித்த ஒரு படத்தில்தான் வினை வந்தது. அது சிறுவர்களுக்கென்று யாரோ செய்த கேலிச்சித்திரம் போன்றது. அதில் வெள்ளணுவுக்குக் கண்கள் இருந்தன. புருவத்தை நெரித்துக்கொண்டு, கையில் ஆயுதத்தோடு, சிரித்த முகங்கொண்ட பீட்டா செல்களைத் துரத்தித் துரத்திக் கொன்றது. அன்றிரவு அவள் தூங்கவில்லை. வயிற்றில் கைவைத்து அழுத்திக்கொண்டு, "இன்னும் உள்ள சண்டை நடக்குதாம்மா?" என்றாள். பிறகு, இருட்டுக்குள்ளிருந்து, "என் உடம்புக்கு என்னைய ஏன் பிடிக்கல?" என்றாள்.

இருபது ஆண்டுகளாக உவமையியல் நடத்துகிறேன். ஒரு உவமை குழந்தையின் உறக்கத்தைப் பறிக்கும் என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை.

அதன்பின் நான் படிக்கத் தொடங்கினேன். அறிவியலைத் தமிழில் எட்டாம் வகுப்போடும், ஆங்கிலத்தில் பன்னிரண்டாம் வகுப்போடும் நிறுத்திக்கொண்டவள் நான். விலங்கியல் தோழியின் பொறுமை பெரிது. என் முதல் கேள்வி, மகள் என்னிடம் முன்பே கேட்டதுதான்: "இந்தக் கலரெல்லாம் நிஜமா?" இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். இன்சுலின் மூலக்கூறின் அளவு ஏறத்தாழ 3 நானோமீட்டர். கடலலை ஒரு கடுகின் உருவத்தைச் சொல்ல முடியாததுபோல, ஒளி அதன் உருவத்தைச் சொல்ல முடியாது. (ஹீமோகுளோபின் போன்ற சில, திரளாகச் சேர்ந்தால் நிறங்காட்டும். அது வேறு செய்தி.) ஆகவே நாங்கள் பார்த்த ஊதாவும் ஆரஞ்சும் ஓவியரின் தேர்வு. அப்படியானால் வடிவம்? அதுவும் கற்பனையா?

இங்கேதான் கதை கிண்டிக்குப் போகிறது.

பிரிட்டனில் ஜே.டி. பெர்னால் என்றொரு படிகவியலாளர் இருந்தார். அவரிடம் பயின்ற டோரதி ஹாட்ஜ்கின், 1935-இல் இன்சுலின் படிகத்தினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார். படம் என்றால் மூலக்கூறின் படமன்று. சிதறிய கதிர்கள் தகட்டில் விட்டுப்போன புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் அளந்து, கணக்கிட்டு, அணுக்கள் எங்கெங்கே இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இன்சுலினுக்கு அது கைகூடியது 1969-இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்! இடையில் 1964-இல் வேறு மூலக்கூறுகளுக்காக அவருக்கு நோபல் பரிசே வந்துவிட்டது. இன்சுலினை அவிழ்த்த அந்தக் குழுவில் கேரளத்தைச் சேர்ந்த எம். விஜயன் என்ற இளைஞரும் இருந்தார். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தவர், 2022-இல் மறைந்தார். என் மகளின் ஊசியில் ஏறும் மருந்தின் உருவத்தை மனிதர்கள் முதன்முதலில் அறிந்த அறையில் நம்மருகே பிறந்த ஒருவர் நின்றிருக்கிறார் என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

அதே பெர்னால் 1952-இல் சென்னைக்கு வந்தார். அப்போது சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றிருந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். முப்பது வயது, சி.வி. ராமனின் மாணவர். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பெர்னால் சொல்ல, ராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிநிறுத்தும் புரதம் அது. கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954-இல் 'நேச்சர்' இதழில் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள்: மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பு. சடைப்பின்னல் என்று நம் வீட்டுப் பெண்கள் உடனே சொல்லிவிடுவார்கள், ஆனால் பின்னல் அன்று, கயிறு. மறு ஆண்டு அந்த மாதிரியைத் திருத்தினார்கள். இழைகள் ஒன்றையொன்று சுற்றுவதோடு, ஒவ்வொன்றும் தனக்குள்ளும் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். சந்திரன் பூமியைச் சுற்றும்போதே தானும் சுழன்று எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதே, அந்த நினைவுதான் தனக்கு வழிகாட்டியது என்று ராமச்சந்திரன் பின்னர் சொல்லியிருக்கிறார். அறிவியலாளரும் உவமையில்தான் நடக்கிறார். ஆனால் நடந்தபின் அளந்து பார்க்கிறார்.

(1954 நம்மவர்க்கு வேறொரு வகையிலும் நினைவிருக்கும். குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. மறைந்த ஆண்டு அது. இரண்டு செய்திக்கும் தொடர்பேதும் இல்லை. தமிழாசிரியருக்கு ஆண்டுகளைக் கோத்துப் பார்க்கும் நோய் உண்டு.)

வெளிநாட்டிலிருந்து மறுப்பு வந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அந்த மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருக்கின்றன, அவ்வளவு நெருக்கம் இயலாது என்றார்கள். எவ்வளவு நெருங்கினால் அதிக நெருக்கம்? இந்தக் கேள்வியை ராமச்சந்திரன் விடவில்லை. அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து, அணுக்கள் எந்த அளவுவரை நெருங்கலாம் என்று தொகுத்தார். பின் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரண்டு திருப்பங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டாமல் இருக்கும், எந்தக் கோணங்களில் முட்டும் என்று கணக்கிட்டு ஒரு சதுரத்தில் வரைந்தார். 1963-இல் வெளியான அந்த வரைபடம் இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. அதில் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம். அங்கங்கே சிறு தீவுகளில் மட்டும் புரதம் இருக்கலாம். புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாக எவர் சொன்னாலும், அதன் கணுக்கள் அந்தத் தீவுகளில் விழுகின்றனவா என்று சரிபார்ப்பது இன்றளவும் வழக்கம். நாங்கள் திரையில் பார்த்த இன்சுலினின் ஒவ்வொரு வளைவும் கிண்டியில் வரைந்த அந்தக் கோட்டுக்குள் அடங்கியே வளைந்திருக்கிறது.

ராமச்சந்திரன் 2001-இல் காலமானார். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு மூவிழைச் சுருள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வைத்திருக்கிறார்கள். நமது பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டால் மனம் நோகும். கேட்க வேண்டாம்.

நிற்க. தொல்காப்பியர் உவமை தோன்றும் களங்களாக நான்கைச் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. அதாவது தொழில், விளைவு, வடிவு, நிறம். இந்த நான்கையும் கையிலெடுத்துக்கொண்டு அசைவூட்டப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். உரு பொய், அது ஓவியர் ஊட்டியது, அதில் குற்றமில்லை. மெய் மெய்தான், எவ்வளவு உழைத்துப் பெற்றது என்பதை மேலே சொன்னேன். பயனும் சரி, இன்சுலின் வந்தால் சர்க்கரை உள்ளே போகிறது, என் மகளின் விரல்நுனியில் நாள்தோறும் நாங்கள் அதை அளக்கிறோம். தடுக்கி விழுவது வினையில்.

கினேசின் அப்படி நடப்பதில்லை. எட்டு நானோமீட்டர் எட்டு என்பது உண்மை, கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் தூக்கிய கால் நேராகப் போய் அடுத்த படியில் பதிவதில்லை. சுற்றிலும் உள்ள நீர் மூலக்கூறுகள் கோடானுகோடி முறை இடித்துத் தள்ள, அது எல்லாப் பக்கமும் தள்ளாடி அலைந்து, தற்செயலாக அடுத்த படியில் படும்போது ஒட்டிக்கொள்கிறது. படத்தில் நாம் கண்டது போதை தெளிந்தவரின் நடை. மேலும், படத்தில் செல்லுக்குள் எவ்வளவு வெட்டவெளி! நீரை எடுத்துவிட்டார்கள், பக்கத்திலிருந்த புரதங்களை எடுத்துவிட்டார்கள், நடப்பதை நாம் பார்க்க வேண்டுமே என்பதற்காக. அமெரிக்காவில் டேவிட் குட்செல் என்ற ஆய்வாளர், செல்லின் உள்ளைப் பத்து லட்சம் மடங்கு பெருக்கிய அளவில் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டிவருகிறார். அவற்றில் ஊசி நுழைய இடமில்லை. புரதம்மேல் புரதம், இடையில் இழை, இழைக்குள் இன்னொன்று. அவை அசைவதில்லை, ஆனால் என் கண்ணுக்கு அசையும் படங்களைவிட உண்மையானவை. அவற்றை முதலில் பார்த்திருந்தால் மகள் பயந்திருக்க மாட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன். கூட்டத்தை நீக்கிவிட்டு ஒருவரை மட்டும் காட்டினால், அவர் செய்வதெல்லாம் தெரிந்து செய்வதாகத் தோன்றிவிடுகிறது. பிறகு அவருக்குக் கண் வரைவது ஒரு சிறு தாவல்தான்.

டி செல்லுக்குக் கண் இல்லை. அது எதையும் பார்ப்பதில்லை, முட்டிப் பார்க்கிறது. தன் மேலுள்ள ஏற்பி எதிரே இருப்பதோடு பொருந்தினால் ஒன்று நடக்கிறது, பொருந்தாவிட்டால் நகர்ந்துவிடுகிறது. இதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. கண்ணால் கண்டதை அம்மாவின் சொல் அழிக்குமா?

மறு ஆண்டுச் சாரலில் குற்றாலம் போனோம். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், உள்ளூர்க்காரர்கள் சீசன் கூட்டத்தில் போக மாட்டோம். அவள் அடம்பிடித்தாள், நோய் வந்ததிலிருந்து ஓராண்டு அருவி பார்க்கவில்லை என்று. பேரருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் சொல்லி முடியாத நெரிசல். அவள் கையை என் முந்தானையோடு சுற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னாலிருந்து ஒரு அக்கா தள்ள, பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி இடிக்க, குளித்துத் திரும்புகிறவர்கள் எதிரே வந்து மோத, இரண்டடி முன்னே, ஓரடி பின்னே, பிறகு எப்படியென்றே தெரியாமல் தலைமேல் அருவி இடியாக விழுந்தது. மூச்சு முட்ட நின்றோம். திரும்பி வருவதும் அப்படியே. சறுக்காத இடம் வந்ததும் அவள் கத்தினாள், அருவிச் சத்தத்துக்கு மேலே: "அம்மா, நாம எப்படிம்மா அங்க போனோம்?"

"யாருக்குத் தெரியும்? தள்ளுனாங்க, போனோம்."

"நடக்கவேயில்லைல்லா?"

"உள்ளயும் இப்படித்தான்டா. உன் இன்சுலினும் இப்படித்தான் போய்ச் சேருது."

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். "அப்போ அந்த வெள்ளணு?"

"அதுவும் கூட்டத்துல தள்ளுப்பட்டு வந்ததுதான். அதுக்கு உன்னையத் தெரியாது."

வெகுநேரம் கழித்து, "அப்ப நான் யாரைத்தான் திட்ட?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. பதில் வரவில்லை.

அதற்குள் அவள் நடுங்கத் தொடங்கியிருந்தாள். அருவியில் நனைந்து வந்த எல்லாப் பிள்ளைகளும் நடுங்கத்தான் செய்தார்கள். குளிரா, குறைவா? இந்த ஊரில் ஒரு நீரிழிவுப் பிள்ளையின் தாய்க்கு மட்டுமே வாய்க்கும் கேள்வி இது. விரலை நன்றாகத் துடைத்து (ஈரம் இருந்தால் கருவி பொய் சொல்லும்) ஒரு சொட்டு எடுத்தேன். 58. குளுக்கோஸ் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்து, ஒரு கடையின் படிக்கட்டில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். உழைக்கும் தசை, இன்சுலின் மணியடிக்காமலே சர்க்கரை வாயில்களை மேலே வரவழைத்துக்கொள்ளும். கூட்டத்தில் இவ்வளவு மல்லுக்கட்டியதன் விளைவு. எதிரே வண்டியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. "இப்ப ஒண்ணு தின்னலாமா?" என்றாள். நோயாளிக்கே உரிய தந்திரம். மறுபடி பார்த்தபோது 96. இரண்டு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் சித்திர சபைக்குப் போனோம். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்று இது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், இங்கே சித்திரம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, குளத்தங்கரையில் தனியாக நிற்கிறது. மற்ற இடங்களில் திருமேனியாக நிற்பவர் இங்கே சுவரில் எழுதிய ஓவியமாக இருக்கிறார். அந்த ஓவியத்துக்குத்தான் வழிபாடு. சுற்றிலும் சுவரெங்கும் புராணக் காட்சிகள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஜெனிவாவில் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் 2004-இல் இந்திய அரசு அளித்த நடராசர் சிலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி, அணுவின் ஆட்டத்தை அன்றே நம்மவர் அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளிகளை எண்ணிய ஹாட்ஜ்கினுக்கும், எவ்வளவு நெருங்கலாம் என்று அளந்த ராமச்சந்திரனுக்கும் அது இழைக்கும் அநீதி. சித்திர சபையை எழுதியவர்கள் புரதத்தை நினைத்து எழுதவில்லை. காண முடியாத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. கோடும் நிறமும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவில்தான் அவர்களும் மெல்பர்ன்காரர்களும் உறவினர்.

மகள் நெடுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க சிலை இல்லையா?" என்றாள்.

"இல்லை. படம்தான் சாமி."

"ஆடுற மாதிரி வரைஞ்சிருக்காங்க. ஆடல."

"நீ பார்த்த வீடியோவும் ஆடாத படங்கள்தான். நொடிக்கு இருபத்து நாலு."

"சாமியோட கலர் இதுதானான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன். தெரியாதுன்னு தெரிஞ்சேதான் வரைஞ்சாங்களா என்றாள். ஆமாம் என்றேன். அவள் தலையாட்டினாள், இம்முறை அது வேறுவிதமான தலையாட்டல். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கைப்பையில், ஈரத்துணி சுற்றிய சிறு டப்பாவுக்குள், மாலை ஊசிக்கான இன்சுலின் குப்பி குளிர்ச்சியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றிக் கூடி அறுகோணமாகக் கிடக்கின்றன அதற்குள். இதை நான் கண்டதில்லை. எவரும் நேரில் கண்டதில்லை.

அந்த வாரமே அவள் ஒரு படம் வரைந்தாள். கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, வெறும் பென்சிலால். "கலர் தெரியாதுல்லா, அதான்" என்று காரணமும் சொன்னாள். பெரிய வட்டம். அதற்குள் ஓர் இடைவெளியும் விடாமல் உருண்டையும் சுருளும் கோடும் புள்ளியுமாக நெருக்கித் தள்ளியிருந்தாள், அருவிக்கரைக் கூட்டத்தைப்போல. வெளியே ஓரத்தில் வெள்ளணு ஒன்று. கண் வரைந்து, பிறகு ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டிவைத்தாள். கதவுக்கு அந்தப்புறம், முட்டை வைக்கும் தட்டில் அவள் குப்பிகள் இருக்கின்றன.

என் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். "எல்லாம் சரிதாம்ட்டி, இதுல இன்சுலின் எங்க இருக்கு?" என்றார்.

"உள்ளதான் ஆச்சி இருக்கு. தேடுங்க."